கூனிப் பொட்டலத்தில் எத்தனை சிற்றினங்கள்? பிரித்துப் பார்ப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் முதுகலை விலங்கியல் படிக்கும் ஒரு தம்பி, நெல்பேட்டைப் பக்கம் கருவாட்டுக் கடையில் கால் கிலோ கூனி வாங்கி, அதையே ப்ராஜெக்ட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார். நிறத்தையும் நீளத்தையும் பார்த்து நான்கு குவியலாகப் பிரித்து, நான்கும் ஏசெட்டஸ் என்ற பொடி இறால் பேரினத்தின் நான்கு சிற்றினங்கள் என்று பெயரும் எழுதிவிட்டார். வழிகாட்டிப் பேராசிரியர் "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்டதும் பதில் இல்லை. "இவ்வளவு நெருக்கமான சிற்றினங்களை எப்படித்தான் பிரிப்பது? டிஎன்ஏ பார்த்தால்தான் முடியுமா?" என்பது அவர் கேள்வி.

டிஎன்ஏ இல்லாமலே பெரும்பகுதி வேலை முடியும், தம்பி. ஆனால் நீங்கள் கையில் எடுத்த நிறமும் நீளமும் இந்த வேலைக்கு ஆகாது. ஒரே தண்ணீரில் ஒரே மாதிரி வாழும் நெருங்கிய சிற்றினங்களுக்கு உடம்பு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வித்தியாசம் துலக்கமாகத் தெரிவது ஆணும் பெண்ணும் சேர்வதற்கென்று இருக்கிற உறுப்புகளில். அதனால் குவியலில் நீங்கள் முதலில் தேட வேண்டியது வளர்ச்சி முடிந்த ஆண்.

உங்கள் குவியல்களையே எடுத்துக்கொள்வோம். காய்ந்த கூனியின் நிறம் அது எவ்வளவு நேரம் வெயிலில் கிடந்தது, காயப் போடும் முன்பே கெட ஆரம்பித்திருந்ததா, சாக்கில் எத்தனை மாதம் இருந்தது என்பதையெல்லாம் சொல்லும். சிற்றினத்தைச் சொல்லாது. உயிரோடு இருக்கும்போது ஏசெட்டஸ் உடலில் ஒளி ஊடுருவும்; கறுத்த கண்கள் இரண்டும், வால்துடுப்பின் அடியில் சில சிவப்புப் புள்ளிகளும்தான் பளிச்சென்று தெரியும். அந்தச் சிவப்புப் புள்ளிகளின் எண்ணிக்கையும் அளவும் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும் என்பதால், வலையிலிருந்து எடுத்த உடனே பார்ப்பவர்களுக்கு அது நல்ல துப்பு. காய்ந்துவிட்டாலோ பார்மலினில் ஊறிவிட்டாலோ அந்தப் புள்ளிகள் வெளுத்துப்போகும். கடைக் கூனியில் அதைத் தேடிப் பயனில்லை.

நீளம் இன்னும் மோசமாக ஏமாற்றும். ஏசெட்டஸில் பெண் பெரிது, ஆண் சிறிது. ஒரே சிற்றினத்தின் ஆண்களும் பெண்களும் நீள வாரியாகத் தானாகவே இரண்டு குவியலாகப் பிரிந்துவிடும். அதோடு ஆணின் முதல் உணர்கொம்பில் கீழ் இழை தடித்து, வளைந்து, முள்ளோடு ஒரு பிடிப்பு உறுப்பாக மாறியிருக்கும். பெண்ணுக்கு அது மெல்லிய சாதாரண இழை. இதைத் தெரியாமல் லென்ஸில் பார்த்தால் "அளவும் வேறு, உணர்கொம்பும் வேறு, நிச்சயமாக இரண்டு சிற்றினம்" என்று யாருக்கும் தோன்றும். உங்கள் நான்கு குவியலில் குறைந்தது இரண்டு இப்படிக் கணவனும் மனைவியுமாக இருக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது.

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம். சிற்றினத்துக்குப் போவதற்கு முன்னால், பொட்டலத்தில் இருப்பதெல்லாம் ஏசெட்டஸ்தானா என்று பார்க்க வேண்டும். கூனி, சென்னாக்கூனி என்று விற்பது ஒரே பிராணி இல்லை. வலையில் விழுந்த பொடிசுகள் எல்லாம் சேர்ந்து காய்ந்த சரக்கு அது. பெரும்பகுதி ஏசெட்டஸ் இருக்கலாம். கூடவே பெரிய இறால் வகைகளின் குஞ்சுகள், மைசிட் எனப்படும் பொடி ஓட்டுடலிகள், கேரிடியன் வகை இறால்கள், சின்ன மீன் குஞ்சுகள், நண்டின் இளம் பருவங்கள் எல்லாம் கலந்திருக்கும்.

ஏசெட்டஸை அடையாளம் காண ஒரே ஒரு இடத்தைப் பார்த்தால் போதும்: மார்புக்கு அடியில் நடைக்கால்கள். சாதாரண இறாலுக்கு ஐந்து ஜோடி. ஏசெட்டஸுக்கு மூன்றே ஜோடி; நான்காவதும் ஐந்தாவதும் கிடையாது. இருக்கிற மூன்றின் நுனியிலும் மிகச் சின்ன இடுக்கி இருக்கும். இங்கேதான் காய்ந்த மாதிரியில் கவனம் வேண்டும். சாக்கில் தேய்ந்து கால் உடைவது சாதாரணம், அதனால் "கால் இல்லை" என்பதும் "கால் உடைந்துவிட்டது" என்பதும் வேறு வேறு. உடைந்த காலின் அடிக்கணு மார்புத் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது முறிந்த இடத்தில் ஒழுங்கற்ற விளிம்போடு ஓட்டை தெரியும். ஏசெட்டஸில் அந்த இடம் வழவழப்பாக மூடியிருக்கும். ஆணில் அந்தப் பகுதியில் ஒரு ஜோடி சிறு மேடு தெரியலாம்; அதன் நுனியும் வழவழப்பாகவே இருக்கும், உடைந்த காலாக எண்ணிவிடாதீர்கள். பத்து மடங்கு கை லென்ஸில் இது கொஞ்சம் சிரமம். கல்லூரி லேபில் இருக்கும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் பக்கவாட்டு வெளிச்சம் போட்டுப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

தலையின் முன்கொம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏசெட்டஸுக்கு அது மிகக் குட்டை, கண்ணைத் தாண்டி நீளாது. வெள்ளை இறால், வரி இறால் குஞ்சுகளுக்கு நீண்ட முன்கொம்பும் அதன் மேல் ரம்பப் பற்களும் சின்ன வயதிலேயே வந்துவிடும்.

மைசிட்டைப் பிரிக்க வாலைப் பாருங்கள். வால்துடுப்பின் உட்புற இதழில், அடிப்பகுதிக்குப் பக்கத்தில், உருண்டையாக ஒரு பளிங்கு மணி தெரியும். அது உடம்பைச் சமநிலையில் வைத்துக்கொள்ள உதவும் ஸ்டாட்டோசிஸ்ட் என்ற உறுப்புக்குள் இருக்கும் கல். பெரும்பாலான மைசிட்களில் அந்த மணி கால்சியம் புளோரைடால் ஆனது, அதனால் காய்ந்த பிறகும் நிலைத்து நிற்கும். கூனிப் பொட்டலத்தில் நான் மிகவும் ரசித்துப் பார்க்கும் உறுப்பு இதுதான். உடம்பு நசுங்கி, தலை போய், வெறும் வால் துண்டு கிடைத்தாலும் "இது மைசிட்" என்று தைரியமாகச் சொல்லிவிடலாம். ஏசெட்டஸின் வாலிலும் இறால் குஞ்சின் வாலிலும் இது இருக்காது. மைசிட்டின் முதுகுப்புற ஓடு மார்பின் பின்பகுதியை முழுதாக மூடாது. பின்னால் ஒன்றிரண்டு மார்புக் கணுக்கள் வெளியே தெரியும்.

முட்டையும் பெரிய உதவி. ஏசெட்டஸ் முட்டையைத் தண்ணீரில் விட்டுவிடும், சுமக்காது. அதனால் வயிற்றின் நீந்துகால்களில் முட்டை கொத்தாக ஒட்டியிருந்தால் அது ஏசெட்டஸ் இல்லை, கேரிடியன் வகை. முட்டையோ குஞ்சோ மார்புக் கால்களுக்கு நடுவே ஒரு பைக்குள் இருந்தால் மைசிட். முட்டை இல்லாத கேரிடியனைக் கண்டுபிடிக்க வயிற்றின் இரண்டாவது வளையத்தின் பக்கத்தகட்டைப் பாருங்கள்: அது முன்னால் இருக்கும் முதல் வளையத்தையும் பின்னால் இருக்கும் மூன்றாவதையும் சேர்த்து மேலே மூடியிருக்கும். ஏசெட்டஸிலும் வெள்ளை இறால் குடும்பத்திலும் அப்படி இருக்காது, கூரை ஓடு போல ஒவ்வொன்றும் தன் பின்னால் இருப்பதை மட்டும் மூடும்.

இந்த அளவுக்கு வந்தாலே உங்கள் நான்கு குவியல் வேறு மாதிரி மாறியிருக்கும். இனி ஏசெட்டஸ் குவியலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசெட்டஸ் பேரினத்தை 1830-இல் மில்னே எட்வர்ட்ஸ் விவரித்தார்; அவர் கையில் இருந்தது கங்கை முகத்துவாரத்தில் பிடித்த ஏசெட்டஸ் இண்டிகஸ். அப்புறம் 1905-இல் எரித்ரேயஸ், ஜப்பானிகஸ், 1919-இல் சிபோகே என்று வரிசையாகச் சிற்றினங்கள் சேர்ந்தன. இந்த நான்கும் இந்தியக் கடல்களில் பதிவானவை. 1975-இல் ஜப்பானிய ஆய்வாளர் மகோட்டோ ஓமோரி பேரினம் முழுவதையும் மறுபடி ஆராய்ந்து ஒழுங்குபடுத்தினார். இன்று நாம் பயன்படுத்தும் அடையாளச் சாவிகள் (உறுப்புகளைப் படிப்படியாகப் பார்த்துச் சிற்றினப் பெயருக்கு வர உதவும் பட்டியல்கள்) பெரும்பாலும் அவர் தேர்ந்தெடுத்த உறுப்புகளையே பின்பற்றுகின்றன. அந்தப் பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்வதைவிட, அவர் எந்தெந்த இடத்தில் கண் வைத்தார் என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

முதல் இடம் டெல்சன் எனப்படும் வால் நடு முள்ளின் நுனி. இண்டிகஸில் அது முக்கோணமாகக் கூர்ந்து முடியும். எரித்ரேயஸ், ஜப்பானிகஸ், சிபோகே மூன்றிலும் நுனி மழுங்கியோ வெட்டியது போலவோ இருக்கும். ஆண், பெண் இரண்டிலும் பார்க்கலாம் என்பதால் தொடங்க இதுவே வசதி. நுனி உடைந்திருக்கிறதா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். உடைந்த கூர்நுனி மழுங்கிய நுனியாகத் தெரியும், அங்கேயே வழி தவறிவிடும். முழு நுனியில் விளிம்பு ஒரே கோடாக ஓடும், ஓரங்களில் இறகு முடிகள் ஒழுங்காக அடுக்கியிருக்கும். உடைந்ததில் அந்த முடி வரிசை திடீரென்று அறுந்து நிற்கும்.

இரண்டாவது இடம், ஆணின் முதல் உணர்கொம்பில் நான் மேலே சொன்ன பிடிப்பு உறுப்பு. அதில் இருக்கும் பிடிமுள் ஒன்றா இரண்டா, அது எத்தனை கணு நீளம், எதிரே இருக்கும் கணுவில் சிறு முட்கள் எப்படி வரிசையாக நிற்கின்றன என்பதெல்லாம் சிற்றினத்தைப் பொறுத்து மாறும். காய்ந்த கூனியில் உணர்கொம்புகள்தான் முதலில் உடையும் என்றாலும், இந்த உறுப்பு தலைக்கு மிக அருகில் தடித்து இருப்பதால் பல ஆண்களில் பிழைத்திருக்கும்.

மூன்றாவது இடம் பெட்டாஸ்மா. இதில்தான் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டும். ஆணின் முதல் ஜோடி நீந்துகால்களின் உட்புறத்திலிருந்து வளர்ந்து, நடுவில் ஒன்றோடொன்று கொக்கிகளால் கோத்துக்கொண்டிருக்கும் ஒரு ஜோடி மெல்லிய தகடு அது. விந்துப் பொதியைப் பெண்ணிடம் சேர்க்கும் உறுப்பு. வெறும் கண்ணுக்கு ஒரு வெள்ளைத் துணுக்கு, அவ்வளவுதான். பிரித்தெடுத்து, ஸ்லைடில் ஒரு சொட்டு கிளிசரினில் வைத்து, நூறு மடங்கில் பார்த்தால் அதன் உலகமே வேறு. தண்டு ஒன்று மேலே போகிறது, நுனியில் தலை போலப் புடைத்த ஒரு பகுதி. அந்தத் தலையின் மேல் கொக்கிகள். எத்தனை கொக்கி, எல்லாம் ஒரே அளவா இல்லை ஒன்று மட்டும் பெரிதா, தலை தண்டைவிட எவ்வளவு அகலம், தண்டின் பக்கத்தில் தனியாக ஒரு நீட்சி உண்டா இல்லையா என்று பார்க்க வேண்டும். ஒரே நீளம், ஒரே நிறம், ஒரே வால் கொண்ட இரண்டு ஆண்கள் இந்த ஸ்லைடில் சந்தேகத்துக்கே இடமில்லாமல் பிரிந்து நிற்பதைப் பார்க்கும்போது வரும் நிறைவு பெரிது. அதை நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டால் மறுபடி நிறத்தை வைத்துப் பிரிக்க மனமே வராது.

பெண்ணுக்கு பெட்டாஸ்மா கிடையாது. அவளுக்குப் பார்க்க வேண்டியது மார்பின் அடித்தட்டும் மூன்றாம் நடைக்காலின் அடிக்கணுக்களும். இண்டிகஸ் பெண்ணில் மூன்றாவது மார்புத் தட்டில் நீளவாக்கில் ஆழமான ஒரு பள்ளம் ஓடும். வேறு சில சிற்றினங்களில் மூன்றாம் காலின் அடிக்கணு உட்புறமாக ஒரு கூர்முனையாக நீண்டிருக்கும். இதெல்லாம் ஆணின் பெட்டாஸ்மா அளவுக்குத் துல்லியமாகத் தெரியாது. ஆகவே ஆண்களை முதலில் முடித்து, அந்தப் பொட்டலத்தில் என்னென்ன சிற்றினங்கள் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டு, பிறகு பெண்களுக்கு வாருங்கள்.

குஞ்சுகளை விட்டுவிடுங்கள். இளம் ஆணின் பெட்டாஸ்மா முழுதாக உருவாகியிருக்காது; கொக்கிகள் குறைவாகவும் தலை சின்னதாகவும் இருக்கும். அதைச் சாவியோடு ஒப்பிட்டால் எந்தச் சிற்றினத்தோடும் பொருந்தாது, அல்லது தப்பான ஒன்றோடு பொருந்தும். இப்படித்தான் இல்லாத ஒரு சிற்றினம் ஒரு ஊரின் பட்டியலில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. "ஏசெட்டஸ், சிற்றினம் தெரியவில்லை, இளம் பருவம்" என்று எழுதுவது முழுமையான, சரியான பதில். தேர்வாளர் கேட்டாலும் தயங்காமல் அதையே சொல்லுங்கள்.

இப்போது காய்ந்த மாதிரியைப் பதப்படுத்தும் விதம். பொட்டலத்தை நன்றாகக் கலந்து ஒரு கரண்டி எடுங்கள். முழுசாக, அழகாக இருப்பதைப் பொறுக்கி எடுக்காதீர்கள், விகிதம் கெட்டுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு இரவு முழுக்க ஊற வையுங்கள். அப்படியும் விறைப்பாக இருந்தால் அரை சதவீத டிரைசோடியம் பாஸ்பேட் கரைசல் உதவும். அருங்காட்சியகங்களில் காய்ந்துபோன மாதிரிகளை மீட்கப் பயன்படுத்துவது அது. கொதிநீர் மட்டும் வேண்டாம், ஓடு மென்மையாகி உறுப்புகள் கழன்றுவிடும். ஊறியதும் நல்ல தண்ணீரில் அலசி, எழுபது சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். மெல்லிய தகடுகள் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் மெத்திலீன் புளூ மிக நீர்த்த கரைசலில் சில நிமிடம் விட்டு அலசினால் கொக்கிகளும் முடிகளும் எழுந்து தெரியும். பெட்டாஸ்மாவைக் கழற்ற, பூச்சி குத்தும் மிக மெல்லிய ஊசிகள் இரண்டை விளக்குமாற்றுக் குச்சியில் சொருகிக்கொண்டால் போதும். கடையில் விற்கும் டிசெக்ஷன் ஊசி இதற்குத் தடிமன். முதல் நீந்துகாலை அடியோடு பிடுங்கி ஸ்லைடுக்குக் கொண்டுபோய், அங்கே வைத்துப் பிரியுங்கள். தட்டிலேயே பிரித்தால் தொலைந்துவிடும்.

ஒவ்வொரு ஸ்லைடையும் மொபைலில் படம் எடுத்து, படத்தோடு கையால் ஒரு கோட்டோவியமும் போடுங்கள். படம் எதையும் தேர்ந்தெடுக்காது. வரையும்போதுதான் "இந்தக் கொக்கி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா" என்ற கேள்வியே வரும்.

நிறமும் அளவும் ஏமாற்றும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு உலகறிந்த ஒரு உதாரணம் இருக்கிறது. வட அட்லாண்டிக்கிலும் ஆர்க்டிக்கிலும் வாழும் காலனஸ் என்ற கோப்பிபாட் (நீரில் மிதந்து வாழும் மிகப் பொடி ஓட்டுடலி) பேரினத்தில் பின்மார்க்கிகஸ், கிளேசியாலிஸ் என்று இரண்டு சிற்றினங்கள். 1955 வரை கிளேசியாலிஸ் தனியாகவே எண்ணப்படவில்லை. பிரித்த பிறகு பல பத்தாண்டுகள் உடல் நீளத்தை அளந்துதான் பெயர் எழுதினார்கள்: பெரிது கிளேசியாலிஸ், சிறிது பின்மார்க்கிகஸ். டிஎன்ஏ சோதனை வந்து இருவரையும் தனித்தனியே எண்ணிப் பார்த்தபோது, நார்வே கடற்கழிகளில் இரண்டின் நீளமும் நன்றாகவே ஒன்றின் மேல் ஒன்று படிவது தெரிந்தது. குளிர்ந்த ஆர்க்டிக் நீருக்குரியது என்று நினைத்த கிளேசியாலிஸ் எண்ணியதைவிட மிகத் தெற்கே வரை இருந்தது. இடையில் உணர்கொம்பிலும் உடம்பிலும் தெரியும் சிவப்பு நிறத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று கிரீன்லாந்துப் பக்கம் கண்டார்கள். வேறு கடல்களில் அதுவும் நம்பகமாக நிற்கவில்லை. உலகத்திலேயே மிக அதிகமாக ஆராயப்பட்ட பொடிப் பிராணிகளில் ஒன்றின் கதை இது.

இதிலிருந்து "அப்படியானால் எல்லாவற்றுக்கும் டிஎன்ஏதான்" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். உங்கள் மாதிரிக்கு அது சரிப்படாது. பொதுவாகப் படிப்பது மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவில் சுமார் 650 எழுத்து நீளத் துண்டு. வெயிலில் காய்ந்து மாதக்கணக்கில் சாக்கில் கிடந்த கூனியில் டிஎன்ஏ சின்னச் சின்னத் துண்டாக நொறுங்கியிருக்கும். ஒரே பொட்டலத்தில் பல பிராணிகள் உரசிக் கிடப்பதால் ஒன்றின் டிஎன்ஏ மற்றொன்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுடலிகளுக்கென்று இன்னொரு தொல்லை: மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் செயலற்ற நகல்கள் உட்கருவில் உட்கார்ந்துகொண்டு, உண்மையான வரிசை போலவே படிக்கப்பட்டுவிடும். அது தெரியாமல் எண்ணினால் இல்லாத சிற்றினங்கள் முளைக்கும். இன்னும் அடிப்படையான விஷயம் ஒன்று. நீங்கள் படித்த வரிசையைத் தகவல் தளத்தில் இருக்கும் ஒரு வரிசையோடுதான் ஒப்பிடுவீர்கள். அங்கே ஏசெட்டஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தவரும் ஒருகாலத்தில் ஒரு பெட்டாஸ்மாவைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். அவர் பார்க்காமல் வைத்திருந்தால் அவர் தப்பு உங்கள் ப்ராஜெக்ட்டுக்கும் வந்துவிடும். உடலைப் பார்க்கத் தெரிந்தவர் கையில்தான் டிஎன்ஏ பயன்படும்.

பொட்டலத்தில் கிடைக்கும் இறால் குஞ்சுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குஞ்சில் இனப்பெருக்க உறுப்பு வளர்ந்திருக்காது என்பதால் வேறு இடம் பார்க்க வேண்டும். பினேயஸ் மோனோடானும் பினேயஸ் செமிசல்கேட்டஸும் கோடு கோடாக ஒன்று போலவே இருக்கும். ஐந்தாம் நடைக்காலின் அடியில் வெளிப்புறமாகச் சின்ன ஒரு கிளை உண்டா என்று பாருங்கள்: செமிசல்கேட்டஸில் உண்டு, மோனோடானில் இல்லை. வெள்ளை இறாலான பினேயஸ் இண்டிகஸுக்கும் அதன் நெருங்கிய உறவான மெர்குயென்சிஸுக்கும் வித்தியாசம், வளர்ந்த ஆணின் மூன்றாம் தாடைக்காலில்: கடைசிக் கணு அதற்கு முந்தைய கணு அளவுக்கே நீளமாக இருந்தால் இண்டிகஸ், பாதியளவு இருந்தால் மெர்குயென்சிஸ். குஞ்சில் இது உதவாது. மிகச் சின்னதுகளைப் பேரினத்தோடு நிறுத்திவிடுங்கள்.

மைசிட்டிலும் இதே எச்சரிக்கை. நம் கரையோரத்தில் மீசோபோடாப்சிஸ் ஓரியன்டாலிஸ் பரவலாக இருப்பதால் பலர் பார்த்தவுடன் அந்தப் பெயரை எழுதிவிடுகிறார்கள். அதற்கு மிக நெருங்கிய டெனுயிபெஸ் 2008-இல்தான் மலேசியக் கரையிலிருந்து விவரிக்கப்பட்டது. பழைய சாவியில் இல்லாத ஒன்றைப் பழைய சாவி உங்களுக்குக் காட்டித் தராது.

இன்னொன்று, இது உங்கள் தலைப்பையே தொடும். மதுரையில் வாங்கினீர்கள் என்பதால் அது மன்னார் வளைகுடாக் கூனி என்று எழுத முடியாது. கருவாடு நெடுந்தூரம் போகும் சரக்கு. மகாராஷ்டிரா, குஜராத் கரைகளில் ஜவளா என்ற பெயரில் ஏசெட்டஸ் பெருமளவில் பிடிபட்டுக் காய்கிறது. அங்கே முதன்மையானது இண்டிகஸ். கடைக்காரரிடம் "இந்த வரத்து எந்த ஊருண்ணே?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை "கடைக்காரர் சொன்னபடி" என்று குறித்துக்கொள்ளுங்கள், நீங்களே பார்த்தது போல எழுதாதீர்கள். பொட்டலத்தை வைத்து "மதுரைச் சந்தையில் விற்கும் கூனியின் உள்ளடக்கம்" என்ற தலைப்பில் நேர்மையான ஒரு ஆய்வு செய்யலாம், அதுவே போதுமான நல்ல வேலை. வெவ்வேறு கடைகளில், வெவ்வேறு மாதங்களில் வாங்கி ஒப்பிட்டால் இன்னும் கனமாகும்.

கடலைப் பற்றியே சொல்ல வேண்டும் என்றால் கடலுக்குத்தான் போக வேண்டும். பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே மண்டபம். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு 1949 முதல் 1971 வரை தலைமையிடமாக இருந்த ஊர் அது, இன்றும் அதன் மண்டல மையம் அங்கே இருக்கிறது. நம் காமராசர் பல்கலைக்கழகத்தின் கடல், கடலோர ஆய்வு மையமும் அந்தப் பக்கம் புதுமடத்தில் உண்டு. உங்கள் வழிகாட்டி மூலம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் அங்கே எதையும் சேகரிக்கக் கூடாது. கரையில் வலை இழுப்பவர்களிடம் கேட்டு வாங்கினால் உங்கள் தேவைக்குப் போதும். அவர்களுக்குக் கழிவாகத் தெரியும் பொடியில்தான் உங்களுக்கு வேண்டியது இருக்கும்.

வாங்கியதும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஐந்தாறு உயிருள்ள கூனியை வெள்ளைப் பீங்கான் தட்டில் கடல்நீரோடு விட்டு, வால்துடுப்பின் சிவப்புப் புள்ளிகளை அப்போதே படம் எடுங்கள். ஊருக்கு வந்தால் அது இருக்காது. பாதியைத் தொண்ணூற்றைந்து சதவீத எத்தனாலில் போடுங்கள், டிஎன்ஏ என்றைக்காவது தேவைப்பட்டால் அது உதவும். ஒருநாள் கழித்து எத்தனாலை மாற்ற வேண்டும், உடம்பிலிருந்து வெளியேறும் நீர் அதை நீர்க்கச் செய்துவிடும். மறுபாதியைப் பார்மலினில் போடலாம், உருவம் கெடாமல் நிற்கும், ஆனால் அதிலிருந்து டிஎன்ஏ எடுப்பது கடினம். குப்பிக்குள்ளேயே பென்சிலால் எழுதிய சீட்டு போடுங்கள்: இடம், தேதி, வலை, ஆழம் தெரிந்தால் ஆழம். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

ப்ராஜெக்ட் அட்டவணையில் சிற்றினப் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு நெடுவரிசை கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றில் "எந்த உறுப்பைப் பார்த்து" என்று எழுதுங்கள்: டெல்சன் நுனி, பெட்டாஸ்மா, மார்புத் தட்டு என்று. இன்னொன்றில் அந்த மாதிரியின் ஸ்லைடு எண். வழிகாட்டி கேட்ட "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்பதற்கு அந்த இரண்டு நெடுவரிசைதான் பதில். பெட்டாஸ்மா ஸ்லைடுகளின் படத்தை அளவுகோலோடு அனுப்பினால் நானும் பார்த்துச் சொல்கிறேன். நுனித் தலையின் இரண்டு பக்கமும் தெரியும்படி எடுங்கள், ஒரு பக்கம் மட்டும் போதாது.